ஏழாவது கூறை

காலை ஏழே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தபோது நான் கடையில் ஒரு முருகன் படத்துக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் எங்கள் பாரம்பரிய மையத்தின் தலைவி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தந்தி மாதிரி சுருக்கிச் சொல்கிறவர். பெரியம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், மகன் கூறைப் புடவையைக் கேட்கிறான், சாவி உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்து மடித்து வையுங்கள், பதினொரு மணிக்கு நானே வந்து வாங்கிப் போகிறேன் என்றார். சரி மேடம் என்றேன். அவர் வைத்துவிட்டார். நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் புடவையை எடுக்க முடியாது. அதன் முந்தியைப் பலகையில் பசை தடவி ஒட்டியிருந்தேன். ஒன்றரை வருடமாக அது என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரியம்மா எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் தெருவில் வயதில் மூத்த பெண்கள் எல்லாரும் பெரியம்மாதான். ஆனால் மையத்தில் 'பெரியம்மா' என்று வெறுமனே சொன்னால் இவர் ஒருவரைத்தான் குறிக்கும். எழுபத்து நான்கு வயது, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். வீட்டுக்காரர் எண்பதைத் தொட்ட பட்டு நெசவாளி, இன்னமும் தினம் நாலு மணி நேரம் தறியில் உட்காருகிறவர்.

மையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மடத்தனம் முழுதாகப் புரியாது. அது எங்கள் தெருவின் நடுவில் உள்ள ஒரு பழைய வீடு. சொந்தக்காரர் விசைத்தறியும் புடவைக் கடையும் வைத்திருப்பவர். பைபாஸ் பக்கம் புது வீடு கட்டிப் போனபின் இதைக் குடோனாக வாடகைக்கு விடப் பார்த்தார், யாரும் வரவில்லை, அதன்பின் கலாச்சாரத்தின் மேல் அவருக்குப் பற்று வந்தது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், சிரிப்பார். தபால் மேடம்தான் தலைவி. தெருக்கூத்துக் கிரீடம், பழைய தறிக்கட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழாப் படங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினது அவர். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அட்டை எழுதுவார். பொருளைவிட அட்டை பெரிதாக இருக்கும். நாலாவது ஆள் நான். பிரேம் கடைக்காரன். சுவரில் ஏற வேண்டியதெல்லாம் என் கையால்தான் ஏறும். தெருவில் யாரும் அதை மையம் என்று சொன்னதில்லை. மியூசியம் என்பார்கள்.

மேடத்துக்கு ஒரு ஆசை. நடுக்கூடத்துச் சுவர் முழுக்க இந்தத் தெருவின் கூறைப் புடவைகள் தொங்க வேண்டும் என்று. கூறை என்பது தாலி கட்டும்போது பெண் உடுத்துகிற புடவை. எங்கள் தெருவில் அதைக் கடையில் எடுக்க மாட்டார்கள். பெண்ணின் அப்பா தன் தறியில் நெய்வார், குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பாள். இப்போது பாதிப் பேர் கடையில்தான் எடுக்கிறார்கள், அது வேறு கதை. புருஷனுக்கு முன்னால் போகிற பெண்ணுக்குக் கடைசியில் கட்டிவிடுவதும் அந்தக் கூறையைத்தான். அதனால் யாரும் அதை விற்க மாட்டார்கள், இரவல் கொடுக்க மாட்டார்கள். மேடம் போய்க் கேட்டபோது ஒரு வீட்டில், நான் சாகறதுக்கு நாள் பார்க்கிறீங்களா என்று கேட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு மேடம் பேசினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிக்சர் தட்டுகள் மட்டும் காலியாகிக்கொண்டிருந்தன. அப்போது பெரியம்மாதான் எழுந்தார்.

"நான் தர்றேன். ஆனா ஒண்ணு. நான் அவருக்கு முன்னாடி போயிட்டேன்னு வெய்ங்க, அது என் ஒடம்பு மேல இருக்கணும். கேட்டு வந்தா மறுபேச்சு பேசாம கொண்டாந்து குடுத்துடணும். ஒத்துக்கிறீங்களா?"

நாலு பேரும் ஒத்துக்கொண்டோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். அந்த வாக்கை நம்பி அப்புறம் ஆறு வீட்டுக்காரர்கள் கூறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆறையும் மேடமே தைத்தார். ஒவ்வொரு புடவைக்குப் பின்னாலும் காடாத் துணி வைத்து, பட்டு நோகாமல் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று யாரோ விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வந்திருந்தார். ஒரு புடவைக்கு ஒரு நாள் ஆனது. முதலில் வாக்குக் கொடுத்த பெரியம்மா கடைசியில்தான் கொண்டுவந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் முற்பகலில் மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கொடுக்க மனசு வரல பா என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அரக்குச் சிவப்பு. முந்தியில் இரண்டு முழத்துக்குக் கனமான சரிகை. மேடம் அழைப்பிதழ் கொடுக்க வெளியே போயிருந்தார். மேல்புறத்தை மட்டும் நாலு இடத்தில் தைத்து மாட்டுங்கள், மீதியை விழா முடிந்ததும் நான் தைக்கிறேன் என்று போனில் சொன்னார்.

தைத்து மாட்டினேன். சரிகைக் கனத்தில் முந்தி தொய்ந்து, சுருங்கி, அழுக்கு மூட்டை மாதிரி தொங்கியது. மற்ற ஆறும் பலகையில் பதிந்த மாதிரி நிற்க, இது மட்டும் என் மானத்தை வாங்கியது. முப்பது வருடமாகப் படம் ஒட்டுகிறவன் நான். சுருக்கம் விழாமல் ஒட்டுவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு திமிர் உண்டு எனக்கு. எல்லாரும் சாப்பிடப் போன நேரம். வெள்ளைப் பசையைப் பலகையில் மெல்லிசாகத் தடவி, முந்தியை வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டேன். அழகாக நின்றது. விழாவுக்கு வந்தவர்கள் அதன் முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். விழா முடிந்து மீதியைத் தைக்க மேடம் ஊசியோடு வந்தபோது, நானே தைத்துவிட்டேன் மேடம் என்று சொன்னேன். முதல் பொய் அதுதான். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒட்டின துணியை மழைக்காலம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பிரேம் போடுகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆடியில் முந்தியின் மேல் கஞ்சி காய்ந்த மாதிரி வெளிறிய திட்டுக்கள் எழும்பின. நான் மேலே இருந்த விளக்கைச் சற்றுத் திருப்பிவிட்டேன். வெளிச்சம் புடவையின் உடல் பக்கம் விழுந்தது, முந்தி நிழலுக்குள் போனது.

பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மையத்துக்கு வருவார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தன் புடவையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழு புடவைகளுக்கும் கண்ணாடிக் கதவு போட்டுச் சின்னப் பூட்டு வைத்திருந்தோம், சாவிக்கொத்து என்னிடம். ஒரு வெள்ளிக்கிழமை, கொஞ்சம் தொறந்து காட்டுப்பா, தொட்டுப் பாக்கணும் என்றார். தூசி உள்ள போயிடும் பெரியம்மா என்றேன். இன்னொரு வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார். அந்தச் சாவியை மட்டும் காணோம், தேடுகிறேன் என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. மூன்றாவது தடவை, சாவி கெடச்சுதா என்று கேட்டார். வேறு சாவி செய்யக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மெதுவா வரட்டும் என்றார். அதன்பின் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவ்வளவு கேவலமாகத்தான் நினைத்தேன்.

ஆக, அந்தக் காலையில் எனக்கு இருந்தது பதினொன்று வரை. கடையை அப்படியே போட்டுவிட்டு மையத்துக்கு ஓடினேன். போகிற வழியில்தான் பெரியம்மா வீடு. வாசலில் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், குளிர்பெட்டி வந்த வண்டி நின்றிருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். உள்ளே போய் ஒரு மாலை போடக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

மையத்துக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கண்ணாடியைத் திறந்து, பலகையோடு இறக்கித் தரையில் சாய்த்தேன். மேல் தையலைப் பிரித்தேன், உடல் பகுதி சரசரவென்று மடியில் விழுந்தது. முந்தி மட்டும் பலகையோடு நின்றது. ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கிர் என்று சத்தத்தோடு வந்தது. வந்த இடத்தில் பட்டு அட்டை மாதிரி விறைத்து இருந்தது. மிச்சம் அசையவில்லை.

எதிர் டீக்கடையில் ஒரு தூக்கு நிறைய வெந்நீர் வாங்கி வந்தேன். வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். ஒரு பழைய பனியனை நனைத்துப் பிழிந்து முந்தியின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் பனியன் சிவந்திருந்தது. அந்தக் காலத்துச் சாயம், கரைந்து வருகிறது. இன்னும் கொஞ்சம் வைத்தால் முந்தி வெளுத்துவிடும், வைக்காவிட்டால் கழலாது. நனைந்த ஓரத்தில் பட்டி பூசுகிற தட்டைக் கத்தியை நுழைத்து மெல்ல மெல்ல நகர்த்தினேன். ஒரு சாண் கழன்றது. மூச்சு வந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. மேடம் குரல். கூடவே விசைத்தறிக்காரர் குரலும். திறக்காமல் இருக்க வழி இல்லை.

மேடம் உள்ளே வந்தார். தரையில் பலகை, வெந்நீர்த் தூக்கு, சிவந்த பனியன். அவர் குனிந்து முந்தியை விரலால் சுண்டினார். டொக் என்று பலகைச் சத்தம் வந்தது. எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நான் தைத்துவிட்டேன் என்று சொன்னீர்களே என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

விசைத்தறிக்காரர்தான் படபடத்தார். நாலு பேருக்குத் தெரிந்தால் ஆறு வீட்டுக்காரர்களும் நாளைக்கே வந்து வாரிக்கொண்டு போவார்கள், மையத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேஜார் எதுக்குங்க? இதே அரக்கு, இதே கரை, நம்ம கடையில கீது. ஜல்தியா ஒண்ணு எடுத்தாந்துடறேன். ரெண்டு கசக்கு கசக்கினா பழசாட்டம் ஆயிடும். மூணு மணிக்கு நெருப்புக்குப் போறது. யாரு பாக்கப் போறா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேச்சு என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஆமாம் மேடம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மேடம் தலை நிமிராமலே சொன்னார்.

"அந்தம்மா நம்ம வார்த்தைய நம்பி குடுத்தது இது. இன்னொண்ண கட்டி அனுப்பிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு இந்தக் கதவைத் தொறப்பீங்க?"

மேடம் விசைத்தறிக்காரரைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். புடவை வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், சந்தவாசல் ஊரில் இருந்து மகள் வந்து சேரட்டும், அதுவரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடியுங்கள் என்றார். அவர் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் குனிந்து வேலை செய்தோம். மேடம் பனியனைச் சரிகைமேல் மட்டும் வைத்து வைத்து எடுத்தார், பட்டின் மேல் ஈரம் படாதபடி. நான் கத்தியை நகர்த்தினேன். ஒரு முழம் கழன்றது. வியர்வை மூக்கு நுனியில் இருந்து முந்தியில் சொட்டிவிடுமோ என்று ஒவ்வொரு நிமிடமும் துடைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு முழம் இருந்தது. முடித்துவிடலாம் என்று மேடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பதினொன்றரைக்குத் தெருவில் மேளம் தொடங்கியது. அந்த அடி நேராக நெஞ்சுக்குள் விழுந்தது. அதே நேரத்தில் கைப்பேசி அடித்தது, பெரியம்மாவின் மகன். மேடம் எடுத்து, வந்துவிடுகிறோம் என்றார். இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. மகள் வந்துவிட்டாள், குளிப்பாட்டப் போகிறார்கள், புடவை எங்கே என்று அவன் கேட்பது எனக்கே கேட்டது. என் கை அவசரப்பட்டது. கத்தியை ஒரு இழுப்பு இழுத்தேன்.

பழைய பட்டு கிழிந்தால் பெரிதாகச் சத்தம் வராது. ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் கேட்டது. முந்தியின் நடுவில் ஒரு முழத்துக்கு நெடுகப் பிளந்து, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல்கள் தனித்தனியாக நின்றன. சரிகை சுருண்டு என் விரலில் மாட்டிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தாழ்ப்பாள் போட மறந்திருந்தோம். பெரியம்மாவின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். சட்டை இல்லை, தோளில் துண்டு. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனிதர், மேளச் சத்தத்துக்கு நடுவில் தனியாக நடந்து வந்திருந்தார்.

அவர் பலகையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"யாரு கழட்டச் சொன்னது?"

உங்கள் மகன் போன் பண்ணினார் பெரியப்பா என்றேன்.

"அவனுக்குத் தெரியாது. எங்கிட்ட கேக்காம போன் போட்டுகிறான். இப்பதான் என் காதுல உழுந்துது. அத்த சொல்லத்தான் வந்தேன். கழட்ட வேணாம்னு."

மேடம் எழுந்து நின்றார். பெரியப்பா உள்ளே வந்து, பெரியம்மா உட்காருகிற அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. கணக்காகப் பாவு எண்ணிச் சொல்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீ ஒட்டினது அவளுக்குத் தெரியும்பா. போன ஆடியிலயே வந்து சொன்னா. முந்தி வெறப்பா நிக்கிது, அடியில பசை போட்டுகிறான்னு. நான் அன்னிக்கே சண்டைக்குக் கெளம்பினேன். அவதான் வுடல. அவனா வந்து சொல்லுவான், இருங்கன்னா. தொறந்து காட்டுன்னு உங்கிட்ட மூணு வாட்டி கேட்டாளாமே. நீ சொல்றதுக்கு வழி பண்ணிக் குடுக்கத்தான் கேட்டா."

மேளம் அடிக்கிறதா நின்றுவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அப்புறம் அவளே பீரோலேர்ந்து வேற ஒரு பொடவைய எடுத்து வெச்சிட்டா. நான் போனா இத கட்டுங்க, அத கேக்காதீங்க, கழட்டினா கிழிஞ்சிடும்னா. எங்கப்பா நெய்ஞ்சது, அங்கியே முழுசா இருக்கட்டும்னா."

அவர் குனிந்து, கிழிந்த இடத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னேனா, நினைத்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. சாவதற்கு முன் ஒரு பெண் தன் ஒரே ஆசையை விட்டுக்கொடுத்திருக்கிறாள், அந்தப் புடவை கிழியக் கூடாது என்பதற்காக. நான் அதைக் கிழித்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமையாவது வாயைத் திறந்திருந்தால், மேடமும் பெரியம்மாவும் சேர்ந்து நிதானமாக, ஒரு மாதம் எடுத்துக்கொண்டுகூடக் கழற்றியிருப்பார்கள். அந்த நினைப்பு அன்று வந்ததுதான், இன்னும் போகவில்லை.

பெரியப்பா பிளேடு இருக்கிறதா என்று கேட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன், எடுத்துக் கொடுத்தேன். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தறியில் முடிந்த புடவையை அறுக்கும்போது எப்படி ஒரு கையால் துணியை இழுத்துப் பிடிப்பார்களோ அப்படிப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த ஓரமாகக் கரையில் இருந்து கரை வரை ஒரே கோடாக அறுத்தார். முந்தியின் கடைசி முழம் பலகையிலேயே நின்றுவிட்டது. மற்றது விடுபட்டு அவர் மடியில் விழுந்தது.

"முழுசா இருந்தா இங்க இருக்கட்டும்னா. இப்ப முழுசா இல்லியே. அவளுக்கே கட்டிடலாம்." என்னைப் பார்த்தார். "நீ எடுத்துகினு வா."

மடித்துக் கையில் ஏந்திக்கொண்டேன். பெரியப்பா முன்னால் போனார், நான் நடுவில், மேடம் பின்னால். அந்த நூறு அடி தூரம் நடந்தது மாதிரி நான் என் வாழ்நாளில் எங்கும் நடந்ததில்லை. வாசல்களில் நின்ற பெண்கள் புடவையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூறை கொடுத்த ஆறு வீட்டுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். வாக்குக் கொடுத்தபடி கொண்டுவந்துட்டாங்க பாரு என்று ஒரு அம்மா சொன்னது கேட்டது. முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது. பந்தலில் நின்ற விசைத்தறிக்காரர் என்னைப் பார்த்து நிம்மதியாகத் தலையை ஆட்டினார்.

கூடத்தில் மகனைத் தவிர மற்ற எல்லாரும் பெண்கள். குளிர்பெட்டியில் இருந்து எடுத்துப் பலகையில் கிடத்தி, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம். பெரியம்மாவின் அக்கா சேத்துப்பட்டில் இருந்து வந்திருந்தார். தங்கையைவிட ஆறேழு வயது மூத்தவர், அதே கணீர்க் குரல். என் கையில் இருந்து புடவையை வாங்கி உதறி விரித்தார். பிளவு பட்ட முந்தி எல்லார் கண்ணிலும் பட்டது.

இது எப்படிக் கிழிந்தது, முந்தியின் ஓரம் எங்கே என்று அவர் கேட்டார். பெரியப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். மகன் என்னைப் பார்த்தான். பழைய பட்டு இல்லையா, நைந்துபோயிருந்தது என்று மேடம் சொல்லத் தொடங்கினார். பொய் சொல்லியே பழக்கம் இல்லாதவர், எனக்காக ஒன்று சொல்லப் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க" என்றேன். "பசை போட்டு ஒட்டி வெச்சேன். யாருக்கும் சொல்லல. இன்னிக்கி கழட்டும்போது கிழிச்சிட்டேன்."

வாசல்படியில் நின்ற பெண்களிடம் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆறு வீட்டுக்காரர்கள் இதையும் கேட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. மையம் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தேன். மறு கணமே போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. அக்கா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்புறம் எங்ககிட்ட எதுக்குச் சொல்லிகினு இருக்க? அவகிட்ட சொல்லு."

கேலியாகச் சொன்னதாக முதலில் நினைத்தேன். இல்லை. அவர் நகர்ந்து எனக்கு வழி விட்டார். சுற்றி நின்ற பெண்களும் நகர்ந்தார்கள். பெரியப்பா இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பெரியம்மாவின் தலைமாட்டில் மண்டி போட்டேன். மஞ்சள் வாசனையும் ஈரத் தலைமுடி வாசனையும் வந்தது. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற முகமாக எனக்குத் தெரிந்தது. என் மனசுக்குத்தான் அப்படித் தெரிந்திருக்கும்.

"பெரியம்மா" என்றேன். "முந்திய நான்தான் ஒட்டினேன். நீங்க கேட்டப்பல்லாம் பொய் சொல்லிட்டேன்."

இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, வாயில் இருந்து வர ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. நான் அழுதேன். யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் தோளைத் தொட்டு, சரி எழுந்திரு, ஆம்பளைங்க எல்லாம் வெளியே போங்க, அவளுக்குப் புடவை கட்டணும் என்றார்.